எல்எம்டிபி: பழைய பதிவுகளை அழித்தும் ‘மேப் ஃபுல்’ பிழை வருகிறது, உதவி தேவை

நெல்வயல்:
வணக்கம். குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு பைத்தான் சர்வீஸ் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கிடங்கில் இருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டியில் ஓடுகிறது. நொடிக்கு ஒரு அளவு வரும், ஒவ்வொன்றையும் எல்எம்டிபி என்ற கீ-வேல்யூ டேட்டாபேஸ் லைப்ரரியில் எழுதி கமிட் செய்கிறோம். இன்னொரு த்ரெட் அவற்றை மைய சர்வருக்கு அனுப்பிவிட்டு, ‘கடைசியாக அனுப்பியது’ என்ற கீயில் குறித்துவைக்கும். மூன்று நாளுக்கு முந்தைய பதிவுகள் அழிக்கப்படும். அதனால் உள்ளே இருக்கும் உண்மையான தரவு 50 எம்பி அளவில்தான் நிற்கும்.

மேப் சைஸ் (ஃபைல் வளரக்கூடிய உச்ச அளவு) 1 ஜிபி வைத்திருந்தும் சில கிடங்குகளில் மட்டும் மேப் ஃபுல் பிழை வருகிறது, எண் -30792. 2 ஜிபி ஆக்கிப் பார்த்தேன். பிழை வரும் நேரம் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. பழைய பதிவுகளை அழித்து இடம் பண்ணலாம் என்றால் அழிக்கும்போதும் அதே பிழை! சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் ஃபைல் அதே 2 ஜிபியில் இருக்க, எழுதுவது மட்டும் மறுபடி ஒழுங்காக நடக்கிறது.

தடுப்பூசி வைக்கும் கிடங்குகள் இவை. அளவு விட்டுப்போனால் அந்த நேரத்தில் குளிர் சரியாக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இது லைப்ரரியின் கோளாறா? எஸ்க்யூலைட்டுக்கு மாறிவிடலாமா?

கருங்கல்:
மேப் சைஸை இன்னும் கூட்டுங்க. டிஃபால்ட்டே வெறும் 10 எம்பிதான், அதனால் எல்லாரும் முதலில் இந்தப் பிழையைத்தான் பார்ப்பாங்க. 64 பிட் லினக்ஸில் அது முகவரி இட ஒதுக்கீடு மட்டும். 50 ஜிபி கொடுத்தாலும் டிஸ்க்கில் உடனே அவ்வளவு பிடிக்காது, ஃபைல் தேவைக்குத்தான் வளரும்.

ஆலமரத்தடி:
கருங்கல் சொன்னது பொதுவாகச் சரி, இங்கே உதவாது. 50 எம்பி தரவு 2 ஜிபியை நிரப்புகிறது என்றால் 50 ஜிபியையும் ஒருநாள் நிரப்பும், கூடவே டிஸ்க்கையும் தின்றுவிடும்.

நெல்வயல், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. ஃபைல் சைஸ் மாறாமல் எழுத இடம் கிடைக்கிறது என்றால், உள்ளே காலி இடம் முன்பே இருந்திருக்கிறது. அதைத் தொடவிடாமல் உங்கள் ப்ராசஸில் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது.

எல்எம்டிபி தரவை ஒரு பி-ப்ளஸ் மரமாக, அதாவது வேரிலிருந்து இலை வரை ஒன்றையொன்று சுட்டும் பக்கங்களாக வைத்திருக்கிறது. இருக்கும் பக்கத்தின் மேலேயே அது எழுதாது. ஒரு வேல்யூவை மாற்றினால் அந்த இலைப் பக்கத்தைப் புது இடத்தில் நகலெடுத்து மாற்றும், அதைச் சுட்டும் மேல் பக்கத்தையும் நகலெடுக்கும், வேர் வரை இப்படியே. கடைசியில் மெட்டா பக்கத்தில் புது வேரைக் குறித்தால் கமிட் முடிந்தது. மெட்டா பக்கங்கள் இரண்டு, மாறி மாறி எழுதப்படும். கமிட் நடுவே கரண்ட் போனாலும் தரவு கெடாமல் இருப்பதற்கும், படிப்பவர்கள் எழுதுபவருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான். அழிப்பதற்கும் ஏன் பிழை வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது: அழிப்பதும் ஒரு மாற்றம், அதற்கும் புதுப் பக்கங்கள் வேண்டும்.

நகலெடுத்தபின் வேண்டாததாகிப்போன பழைய பக்கங்கள், எந்த டிரான்ஸாக்‌ஷனில் விடுபட்டன என்ற எண்ணோடு ஃப்ரீலிஸ்ட் என்ற காலிப் பக்கப் பட்டியலில் சேரும். அவற்றை மறுபடி பயன்படுத்த ஒரே நிபந்தனை, அந்தக் காலத்து மரத்தை யாரும் இன்னும் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு ரீட் டிரான்ஸாக்‌ஷன் மூடப்படாமல் கிடந்தாலும், அது தொடங்கியதற்குப் பிறகு விடுபட்ட அத்தனை பக்கங்களும் முடங்கிவிடும்.

பிழை வரும்போது ரீஸ்டார்ட் செய்யாமல், எல்எம்டிபியின் நிலவரத்தைக் காட்டும் எம்டிபி-ஸ்டாட் கருவியை ஈ, எஃப், ஆர் மூன்று ஆப்ஷன்களோடும் ஓட்டி முடிவைப் போடுங்கள். அனுப்பும் த்ரெட் தரவை எப்படிப் படிக்கிறது என்பதும் வேண்டும்.

நெல்வயல்:
நன்றி அண்ணா. இன்று ஒரு கிடங்கில் பிழை வந்ததும் எடுத்தேன்.

மொத்தப் பக்கங்கள் 5,24,288, எல்லாம் பயன்பாட்டில். ஃப்ரீலிஸ்ட்டில் 5,11,907. கடைசி டிரான்ஸாக்‌ஷன் எண் 6,91,540. ரீடர் பட்டியலில் இரண்டு வரி: ஒன்றில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு, மற்றதில் 5,88,902.

அனுப்பும் பகுதியில் ஒரு ஜெனரேட்டர் ஃபங்ஷன் இருக்கிறது. ‘வித்’ போட்டு ரீட் டிரான்ஸாக்‌ஷன் திறந்து, கர்சரை நகர்த்தி, ஒவ்வொரு பதிவாக ‘யீல்டு’ செய்கிறது. வெளியே இருக்கும் லூப் அதை வாங்கி சர்வருக்கு அனுப்புகிறது. நெட்வொர்க் போனால் லூப்பை விட்டு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக ஜெனரேட்டரை ஆப்ஜெக்ட்டிலேயே வைத்துக்கொள்கிறது. ‘வித்’ இருக்கிறதே, தானாக மூடாதா?

ஆலமரத்தடி:
ஜெனரேட்டர் முடிந்தாலோ, க்ளோஸ் செய்யப்பட்டாலோதான் அந்த ‘வித்’ முடியும். ‘யீல்டு’ வரியில் நிற்கும் ஜெனரேட்டரை ஆப்ஜெக்ட் பிடித்துக்கொண்டிருக்கும் வரை டிரான்ஸாக்‌ஷன் திறந்தேதான் இருக்கும். நெட்வொர்க் மோசமான கிடங்குகளில் மட்டும் பிழை வருகிறதா என்று பாருங்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உங்கள் எண்களே கணக்கைச் சொல்கின்றன. 5,24,288 பக்கத்தில் 5,11,907 காலி. மீதி 12,381 பக்கம், பக்கத்துக்கு 4,096 பைட் என்றால் சுமார் 50 எம்பி, நீங்கள் சொன்ன அதே அளவு. 5,88,902-இல் நிற்கும் ரீடருக்குப் பிறகு 1,02,638 கமிட் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இலையிலிருந்து வேர் வரை, ஃப்ரீலிஸ்ட்டையும் சேர்த்து, ஏறத்தாழ ஐந்து பக்கம் போயிருக்கிறது. ஐந்து லட்சம் பக்கம் முடங்கியது இப்படித்தான். லைப்ரரியில் கோளாறு இல்லை.

சி மொழியில் டிஃபால்ட்டாக எழுதியிருந்தால், அதே த்ரெட்டில் இரண்டாவது ரீட் டிரான்ஸாக்‌ஷன் திறக்கும்போதே -30783 பிழை வந்து காட்டிக்கொடுத்திருக்கும். பைத்தான் பைண்டிங் எப்போதும் ‘நோ-டிஎல்எஸ்’ முறையில், அதாவது ரீடரை த்ரெட்டோடு கட்டாமல் திறக்கிறது. ஒரே த்ரெட்டில் எத்தனை ரீடரும் இருக்கலாம், அதனால் சத்தமில்லாமல் தங்கிவிடும்.

மாற்ற வேண்டியது இது: ரீட் டிரான்ஸாக்‌ஷன் திறந்து, ‘கடைசியாக அனுப்பியது’ கீயை எடுத்து, கர்சரில் செட்-ரேஞ்ச் வைத்து அங்கே போய், 500 பதிவுகளை ஒரு லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டு உடனே மூடிவிடுங்கள். அதன்பிறகு அனுப்புங்கள். சர்வர் ஏற்றதும் தனியாக ஒரு ரைட் டிரான்ஸாக்‌ஷனில் அந்தக் கீயை முன்னே நகர்த்துங்கள். செட்-ரேஞ்ச் அந்தக் கீயிலோ அதற்கு அடுத்ததிலோ நிற்கும், ஏற்கெனவே அனுப்பியதில் நின்றால் ஒன்று தள்ளிக்கொள்ளுங்கள். அனுப்பியதற்கும் குறிப்பதற்கும் நடுவே பெட்டி அணைந்தால் அதே 500 மறுபடி போகும். ஆகவே சர்வர் பக்கம் கீயை வைத்து இரட்டைப் பதிவைத் தள்ள வேண்டும்.

எங்காவது ‘பஃபர்ஸ்’ ஆப்ஷனை ட்ரூ என்று வைத்திருந்தால் கவனம். அப்போது கிடைப்பது நகல் இல்லை, மேப்பின் நினைவகத்தையே நேராகக் காட்டும் பார்வை. டிரான்ஸாக்‌ஷன் மூடியபின் அதைத் தொடக் கூடாது. பைட்ஸ் ஆக மாற்றித்தான் லிஸ்ட்டில் போட வேண்டும்.

நெட்வொர்க் வேலையை ரைட் டிரான்ஸாக்‌ஷனுக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். சர்வர் பதில் தரும் வரை சென்சார் அளவுகள் வாசலில் நிற்கும்.

கருங்கல்:
அருமையான விளக்கம், ரீடர் பட்டியலை நான் இதுவரை பார்த்ததே இல்லை. அப்போ எஸ்க்யூலைட்டுக்கு மாறினால் இந்தத் தொல்லை இருக்காதா?

ஆலமரத்தடி:
வேறு உருவத்தில் இருக்கும். அங்கே டபிள்யூஏஎல் முறையில் (மாற்றங்கள் முதலில் தனி ஃபைலில் எழுதப்படும்) ஒரு ரீடர் நீண்ட நேரம் திறந்திருந்தால், அவற்றை முதன்மை ஃபைலுக்கு மாற்றும் செக்பாயின்ட் முழுதாக முடியாது, டபிள்யூஏஎல் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். பழைய நிலையைத் தடையில்லாமல் படிக்க விடும் எந்த அமைப்பும் அந்தப் பழையதை எங்காவது வைத்திருக்கத்தான் வேண்டும். ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி சர்வருக்காக, பெர்க்லி டிபி என்ற பழைய டேட்டாபேஸுக்கு மாற்றாக, ஹோவர்ட் சூ 2011-இல் எல்எம்டிபியைக் கொண்டுவந்தார். டைரக்டரி சர்வரில் படிப்பது மிக அதிகம், எழுதுவது குறைவு. உங்கள் வேலையில் எழுதுவது அதிகம் என்றாலும் நொடிக்கு ஒரு கமிட்டை எல்எம்டிபி சிரமமில்லாமல் தாங்கும். இதற்காக மாற வேண்டாம்.

நெல்வயல்:
அண்ணா, பிழை வந்தவை எல்லாம் சிக்னல் மோசமான கிடங்குகள்தான். மாற்றி எழுதி அங்கே போட்டாயிற்று. கேபிளைப் பிடுங்கிவைத்தும் சோதித்தோம், பயன்பாட்டுப் பக்கங்களின் எண்ணிக்கை ஏறவே இல்லை. ரொம்ப நன்றி!

இன்னும் இரண்டு கேள்வி. ஏற்கெனவே 2 ஜிபி ஆகிவிட்ட ஃபைலைச் சுருக்கலாமா? சர்வீஸை கில் மைனஸ் 9 கொடுத்து வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அதன் ரீடர் பட்டியலிலேயே தங்கிவிடுமா?

ஆலமரத்தடி:
ஃபைல் தானாகச் சுருங்காது. காலிப் பக்கங்கள் இனி மறுபயன்பாட்டுக்கு வந்துவிடும் என்பதால் டிஸ்க்கில் இடம் இருந்தால் அப்படியே விடலாம். வேண்டுமென்றால் சர்வீஸை நிறுத்திவிட்டு, எம்டிபி-காப்பி கருவியை சி ஆப்ஷனோடு ஓட்டி, வரும் புது ஃபைலைப் பழையதன் இடத்தில் வையுங்கள். சர்வீஸ் ஓடும்போதே பேக்கப் எடுக்க இதைப் பயன்படுத்தினால், அந்த நகலெடுப்பும் ஒரு ரீட் டிரான்ஸாக்‌ஷன்தான். மெதுவான யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்தால் முடியும்வரை பக்கங்கள் முடங்கும்.

கில் செய்த ப்ராசஸின் இடம் பட்டியலில் தங்க வாய்ப்புண்டு, முக்கியமாக வேறொரு ப்ராசஸும் அதே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது. சர்வீஸ் தொடங்கும்போதும், அதன்பிறகு மணிக்கொரு முறையும் ரீடர்-செக் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். எத்தனை இடங்களை விடுவித்தது என்று எண் தரும், அதை லாகில் எழுதிவையுங்கள். ஆனால் அது இறந்துபோன ப்ராசஸ்களின் இடத்தை மட்டுமே விடுவிக்கும். உயிரோடிருக்கும் ப்ராசஸ் திறந்துவைத்த டிரான்ஸாக்‌ஷனைத் தொடாது. அதைப் பிடிக்க, ரீடர் பட்டியலில் மிகப் பழைய எண்ணுக்கும் கடைசி டிரான்ஸாக்‌ஷன் எண்ணுக்கும் உள்ள இடைவெளியை அதே லாகில் சேர்த்து, சில ஆயிரத்தைத் தாண்டினால் எச்சரிக்கை போகும்படி வையுங்கள்.