மூன்று பாதி கால்பந்து: அனுபவம் உள்ளவங்க உதவுங்க

வணக்கம் உறவுகளே. பாம்பன் கடற்கரையில 10 முதல் 14 வயசுப் பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் கால்பந்து சொல்லித் தர்றேன். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் ஆடுறாங்க, நடுவர் கிடையாது. முதல் பாதியில விதியை அவங்களே பேசி முடிவு பண்ணணும். ரெண்டாவதுல ஆட்டம். மூணாவதுல வட்டமா உட்கார்ந்து, யாரு நியாயமா ஆடினாங்கன்னு பேசிப் புள்ளி போடணும். 1994-ல கொலம்பியக் கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கொலம்பியாவுல முளைச்ச யோசனை இது.

போன வாரம் கோல் போட்ட பையனே கையைத் தூக்கி, "அண்ணே, பந்து என் கையில பட்டுச்சு"ன்னான். எதிரணி கேட்கக்கூட இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சிக்கல் மூணாவது பாதியிலதான். பொம்பளைப் பிள்ளைங்க மணலைக் கிளறிக்கிட்டே இருக்காங்க, வாயே திறக்க மாட்டேங்குறாங்க. அவங்களைப் பேச வைக்க நீங்க என்ன செஞ்சீங்க?

இன்னொண்ணு. மே 1 கிராம சபைக்கு இவங்களைக் கூட்டிட்டுப் போக ஆசை. ஏப்ரல் 15-லருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போற அப்பாக்களும் கரையிலதான் இருப்பாங்க. ஆடுற இடத்துல கிழிஞ்ச வலை காலைச் சுத்துது. அதை அள்ளச் சொல்லிப் பிள்ளைங்களே மனு எழுதணும். மாதிரி மனு யாருகிட்டயாவது இருக்கா? நாலாம் நம்பர் அளவுல பழைய பந்து இருந்தாலும் சொல்லுங்க, பஸ் ஏறி நானே வந்து வாங்கிக்கிறேன்.