பித்தநாளச் சீரமைப்பில் தேர்ந்த அறுவை மருத்துவர் தேவை

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் வசிக்கும் என் அம்மாவுக்கு, ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் சென்ற மாதம் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள். நான்காம் நாள் கண்கள் மஞ்சளித்தன, ஸ்கேனில் பொதுப் பித்தநாளம் (பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் முக்கியக் குழாய்) வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. இந்த அறுவையில் அறியப்பட்ட பிழைதான் இது. என்றாலும், பித்தப்பைக்குச் செல்லும் குழாயையும் தமனியையும் ஐயமறக் கண்ட பிறகே வெட்ட வேண்டும் என்ற நெறியை அந்த மருத்துவர் கடைப்பிடித்தாரா என்ற கேள்வி என்னை உறங்க விடவில்லை.

சீரமைப்பை முதன்முறை செய்பவரின் தேர்ச்சியே பலனைப் பெரிதும் தீர்மானிக்கும் என்பதால், திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இத்தகைய அறுவைகளைத் தொடர்ந்து செய்துவரும் கல்லீரல், பித்தநாள நிபுணரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எங்களுக்கு இன்னும் அறுவைக் குறிப்பு கிடைக்கவில்லை. கேரளத்தில் அதை எழுதிக் கேட்டுப் பெற்றவர்கள் வழிமுறையையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.