சீகையை வெட்டுவதா, விடுவதா?

புல்மலை:
நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரத்தை (வாட்டில் மரம்; சீகைக்காய் அல்ல) ஒன்று விடாமல் வெட்ட வேண்டும் என்பது என் கட்சி. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காக வந்த மரம். அப்புறம் தோல் பதனிட அதன் பட்டை வேண்டும் என்று வனத்துறையே மலை மலையாக நட்டது. நட்ட இடம் தரிசு என்றார்கள். அது வரையாடு மேய்ந்த புல்வெளி. தோடர்கள் கோயில் கூரைக்குப் புல் அறுத்த இடம்.

வட்டக்கானல்வாசி:
வெட்டினால் புல் வந்துவிடுமா அண்ணா? சீகை விதையின் ஓடு கல் மாதிரி. மண்ணுக்குள் பல வருடம் உறங்கும். மரத்தைச் சாய்த்து வெயில் பட்டதும், இல்லை தீ பட்டதும், கொத்தமல்லிப் பாத்தி போல முளைத்து நிற்கும். போன மாதம் இங்கே கொடைக்கானல் பக்கம் ஒரு பழைய சீகைத் தோப்புக்குள் போனேன். சருகை விலக்கினால் முழங்கால் உயரத்துக்குச் சோலை மரக் கன்றுகள் (சோலை என்றால் இந்த மலை மடிப்புகளில் தானாக வளரும் பசுமைக் காடு). பறவை எச்சத்தில் வந்தவை. மேலே சீகை நிழல் இருப்பதால்தான் பிழைத்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களும் இந்த மலையில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

புல்மலை:
சரி, சோலையை ஒட்டிய தோப்பில் அப்படி நடக்கும். சோலைக்கு எட்டாத மேட்டில் நட்ட சீகையை என்ன செய்வது? நிழலில் சோலைக் கன்று வரலாம், புல் வராதே. சோலை வந்தால் காடு மீண்டது என்று கணக்கெழுதிவிடுவீர்கள், வரையாட்டுக்கு மேய்ச்சல் எங்கே?

விறகுக்கட்டு:
இரண்டு பேரும் எங்கள் அடுப்பை மறந்துவிட்டீர்கள். சிலிண்டர் இருந்தாலும் மழைக்காலத்தில் குளிர் காய்வதும் வெந்நீர் போடுவதும் சீகை விறகில்தான். ஒரே வருடத்தில் மொத்தமும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டால் மறு வருடம் சோலைக்குள்தான் கத்தியோடு போக வேண்டும்.

வட்டக்கானல்வாசி:
அக்கா சொல்வது நியாயம். மேட்டுச் சீகையைத் துண்டு துண்டாக, வருடத்துக்குக் கொஞ்சம் வெட்டலாம். விறகு ஊருக்கு. சோலை ஓரத்துத் தோப்பை விட்டுவிடலாம்.

புல்மலை:
மேட்டைக் கொடுத்ததற்கு நன்றி தம்பி! ஆனால் வெட்டிய இடத்தில் ஒவ்வொரு மழைக்கும் நாற்றுப் பிடுங்க ஆள் வேண்டும். வெட்டுவதற்கு நிதி ஒதுக்குவார்கள். பிடுங்குவதற்குப் பத்து வருடம் யார் கூலி தருவது?

விறகுக்கட்டு:
கூலி கொடுத்தால் நாங்கள் வருகிறோம். விறகு மட்டும் கொடுத்தால் வர மாட்டோம்.