'நட்ஜ்' என்பதற்குத் தமிழில் ஒரே சொல் போதுமா?

மொழிபெயர்ப்பு மேசை:
நடத்தைப் பொருளியலுக்கான ஓர் அறிமுக நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008-இல் எழுதிய நூலுக்குப் பிறகு 'நட்ஜ்' என்பது கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. கட்டாயப்படுத்தாமலும் எந்த வாய்ப்பையும் பறிக்காமலும், வாய்ப்புகளை முன்வைக்கும் விதத்தை மட்டும் மாற்றி மக்களை ஒரு பக்கம் சாயவைப்பது அதன் பொருள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில், ஆண்கள் கழிப்பறைக் கலத்துக்குள் ஓர் ஈயின் உருவத்தைப் பொறித்து, வருபவர்களைத் தாமாகவே குறிபார்க்க வைத்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

என் சிக்கல் இதுதான். நான் தமிழாக்கும் நூலின் தொடக்கத்தில், கூட்டத்தில் தூங்கி வழியும் தோழியை ஒருத்தி முழங்கையால் 'நட்ஜ்' செய்கிறாள். அடுத்த பக்கத்தில் அதே சொல் கொள்கையின் பெயராகிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல் நின்றால்தான் ஆசிரியரின் உவமை வாசகருக்குப் பிடிபடும். 'மென்தூண்டல்' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய மெய்ப்பர்:
மறுப்பு இருக்கிறது ஐயா. முழங்கையால் ஒருத்தி இன்னொருத்தியை மென்தூண்டல் செய்தாள் என்று அச்சில் வந்தால், படிப்பவர் மருத்துவமனையில் ஏதோ சிகிச்சை நடப்பதாக நினைப்பார்.

மெல்லத் தள்ளுவதற்கான வினைகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஆனால் அவை எந்த உறுப்பால், என்ன நோக்கத்தில் என்று பார்த்துப் பிரிபவை. எவ்வளவு விசை என்று பார்ப்பவை அல்ல. முழங்கையாலோ தோளாலோ என்றால் இடிக்கிறோம். விரல் நுனியால் என்றால் சுரண்டுகிறோம். வகுப்பில் முன்வரிசைக்காரனின் முதுகைச் சுரண்டி அழிப்பான் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கு என்றால் சீண்டுகிறோம். தலையால் என்றால் முட்டுதல்: பால் குடிக்கும் கன்று மடியை முட்டுகிறது, சண்டைக்கு வந்த கிடாவும் முட்டுகிறது, சொல் ஒன்றுதான். மென்மையைக் காட்ட 'லேசாக' என்றோ 'ஓர் இடி இடித்தாள்' என்றோ வினைக்கு வெளியே சொல்கிறோம். 'தள்ளு' இன்னும் விந்தையானது. பேருந்தில் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்' என்பவர் யாரையும் தள்ளச் சொல்வதில்லை.

ஆகவே காட்சியில் 'லேசாக இடித்தாள்' என்று எழுதுங்கள். கொள்கைக்கு வேறு சொல் தேடுங்கள்.

பொருளியல் மாணவி:
மெய்ப்பர் ஐயா சொல்வது காட்சிக்குப் பொருந்தும். கொள்கைக்கு 'தூண்டல்' வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம் உண்டு. இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் இருக்கிறது. அது போகட்டும், வேறு துறை. ஆனால் உளவியல் பாடநூலில் தூண்டல், துலங்கல் என்ற இணை நெடுநாளாகப் புழங்குகிறது. நடத்தையைப் பற்றிய நூலிலேயே இன்னொரு 'தூண்டல்' புகுந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

பிற மொழியினரும் அந்த ஆங்கிலச் சொல்லின் முழங்கையைக் காப்பாற்ற மெனக்கெடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'கூ த பூஸ்' என்கிறார்கள்; கட்டைவிரலால் தரும் தட்டு என்பது நேர்ப்பொருள், சிறு உதவி என்பது வழக்குப்பொருள். இத்தாலியப் பதிப்பு 'மென்மையான தள்ளல்' என்றும், ஸ்பானியப் பதிப்பு 'ஒரு சிறு தள்ளல்' என்றும் தலைப்பில் வைத்துக்கொண்டன. ஜெர்மானியப் பதிப்பின் துணைத்தலைப்பில் வரும் 'ஆன்ஷ்டோசன்' என்ற வினையோ கோப்பையோடு கோப்பையை மோதுவதற்கும் ஆகும். ஜப்பானியர்கள் 'நஜ்ஜி' என்று ஒலிபெயர்த்துவிட்டு, முழங்கையால் குத்துவது என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துக்கொண்டார்கள். நாமும் 'நட்ஜ்' என்றே எழுதிவிட்டால் என்ன?

வேதாரண்யத்தான்:
கையில் விளக்கை வைத்துக்கொண்டு நெருப்புக்கு அலைகிறோம். 'தூண்டு' என்ற வினை முதலில் எங்கே வாழ்ந்தது என்று பாருங்கள். மங்கிய திரியைச் சிறு குச்சியால் ஒரு நூலளவு முன்னே நகர்த்துவதுதான் தூண்டுதல்; அந்தக் குச்சி தூண்டுகோல். என் பாட்டி வீட்டில் அது தேய்ந்து கறுத்த பித்தளைக் கம்பி. நுனியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கம்பி திரிக்கு நெருப்பைத் தருவதில்லை, எண்ணெயையும் தருவதில்லை. எரிவது திரிதான். தேலர் சொல்ல வந்ததை இதைவிடச் சரியாக எந்த முழங்கை சொல்லும்?

எங்கள் ஊர்க் கோயில் கதையையும் சொல்கிறேன். நெய்யைத் தின்ன வந்த எலி ஒன்றின் மூக்கு தற்செயலாகத் திரியில் பட, அணையவிருந்த விளக்கு சுடர்விட்டது; அந்த எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியானது. அப்பர் திருக்குறுக்கைப் பதிகத்தில் இதைப் பாடும்போது 'எலி தன் மூக்குச் சுட்டிடக் கனன்று தூண்ட' என்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு மூக்கு நுனியின் உரசலுக்குப் பொருந்திய சொல் இன்று ஏன் பொருந்தாது?

பழைய மெய்ப்பர்:
எலியை ரசித்தேன். ஆனால் சொல் பிறந்த வீட்டை வைத்து மட்டும் அதை எடைபோட முடியாது. புகுந்த வீட்டில் என்ன பெயர் எடுத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நாளிதழில் 'தூண்டுதல்' எந்தச் செய்தியில் வருகிறது? 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்குப் பதிவு.' இந்திய தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 108. இத்தனை ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியதில், குச்சியால் திரியைத் தூண்டிய வரியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கலவரத்தைத் தூண்டிய வரிகளுக்குக் கணக்கே இல்லை.

வேதாரண்யத்தான்:
அது 'தூண்டிவிடுதல்' ஐயா. 'விடு' என்ற துணைவினை ஒட்டும்போதுதான் நஞ்சு ஏறுகிறது. ஆர்வத்தைத் தூண்டினார் என்றால் ஆசிரியர். ஆளைத் தூண்டிவிட்டார் என்றால் கலகக்காரர்.

பழைய மெய்ப்பர்:
நீங்கள் காட்டும் வேறுபாடு பேச்சில் உண்மைதான். ஆனால் நான் காட்டிய செய்தித் தொடரில் 'விடு' இல்லையே.

வேதாரண்யத்தான்:
இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அங்கே நஞ்சு 'தற்கொலைக்கு' என்பதிலிருந்து வருகிறது.

மொழிபெயர்ப்பு மேசை:
நேற்றிரவு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு இடத்திலும் 'இடி'யையே வைத்தால் என்ன? உடலால் இடிப்பது அறிவுரையாக மாறும் உவமை வள்ளுவரிடமே இருக்கிறது: 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்.' ஆங்கிலம் இப்போது செய்வதைத் தமிழ் அன்றே செய்துவிட்டது.

பொருளியல் மாணவி:
குறள் அழகுதான், ஆனால் அது நேர் எதிரான பொருளைத் தருகிறது. இடித்துரைப்பவர் மன்னனின் முகத்துக்கு நேரே பேசுகிறார். பிழையைப் பிழை என்று சொல்லிக் காட்டுகிறார். கழிப்பறை ஈ யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. இந்தக் கொள்கையை எதிர்ப்பவர்களின் குறையே அதுதானே: தெரியாமல் சாய்க்கிறீர்கள், தெரிந்து இணங்க வைக்கவில்லை என்கிறார்கள். 'இடி' என்று பெயரிட்டால் அந்தக் குறையே வாசகருக்குப் புரியாது.

உவமைக்கு உடம்பே எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. வயலில் நீரை யாரும் தள்ளுவதில்லை. மண்வெட்டியால் வரப்பில் ஒரு பிடி மண்ணை எடுத்தால் நீர் தானாகப் போகிறது. 'மடைமாற்று' சரிப்படுமா?

வேதாரண்யத்தான்:
அம்மா, மடையை மாற்றுகிறவன் ஒரு வாயை அடைத்துத்தான் மறுவாயைத் திறக்கிறான். எந்த வாய்ப்பையும் பறிக்காமல் என்பதுதானே இங்கே முதல் நிபந்தனை? போதாததற்கு, நிதியை மடைமாற்றிய செய்திகள் வேறு அன்றாடம் வருகின்றன.

பொருளியல் மாணவி:
சரி, மடையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஜப்பானியத்தில் தயங்குபவருக்குத் துணிவூட்டுவதை 'முதுகைத் தள்ளுதல்' என்பார்கள். அதை அப்படியே எழுதினால் தமிழில் கிணற்றுக்குள் தள்ளியதாகிவிடும். நாம் முதுகில் தட்டிக்கொடுக்கத்தான் செய்வோம். தள்ளல் மொழிக்கு மொழி நல்லதாகவும் கெட்டதாகவும் மாறும்போது, ஒலிபெயர்ப்பே நேர்மையான வழி என்று இன்னமும் நினைக்கிறேன்.

பழைய மெய்ப்பர்:
ஒலிபெயர்ப்பு நேர்மையானதுதான். ஆனால் 'நட்ஜ்' என்பதற்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள், 'நட்ஜால்', 'நட்ஜிலிருந்து' என்று. அந்த மெய்ப்பை என்னிடம் அனுப்ப வேண்டாம்.

மொழிபெயர்ப்பு மேசை:
மூவருக்கும் நன்றி. காட்சியில் 'முழங்கையால் லேசாக ஓர் இடி இடித்தாள்' என்றே எழுதுகிறேன். கொள்கைக்கு 'தூண்டுகோல்' என்று வைக்கப் பார்க்கிறேன்: 'தூண்டல்' அல்ல என்பதால் உளவியலோடு மோதாது, கருவியின் பெயர் என்பதால் வழக்கு மன்றத்து வாடையும் குறைவு, பரிசும் பாராட்டும் தூண்டுகோலாக அமைந்தன என்று நாம் ஏற்கெனவே எழுதுகிறோம். முழங்கையிலிருந்து கொள்கைக்குத் தாவும் இடத்தில் ஆசிரியரின் உவமை அறுந்துபோகிறது. அங்கே ஒரே ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பேன்.

பொருளியல் மாணவி:
பரிசைத் தூண்டுகோல் என்பதுதான் சிக்கலே. பணப் பரிசு ஊக்கத்தொகை. தேலரின் வரையறைப்படி அது 'நட்ஜ்' ஆகாது. அந்த அடிக்குறிப்பில் இதையும் சேர்த்துவிடுங்கள்.