பழைய எஸ்டீமுக்கு டிஸ்க், பேட், ஹோஸ்: எதை மாற்றுவது, எதை விடுவது?

தொப்பூர்_வழி:
வணக்கம். 2003 மாருதி எஸ்டீம், பெங்களூரு பதிவு, 13 அங்குல வீல், ஏபிஎஸ் (வீல் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லை. மாதம் ஒரு தடவை ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் போகிற வண்டி. ஊருக்குள் பிரேக் பரவாயில்லை. நாலு பேரும் லக்கேஜும் இருந்தால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாதி தூரத்திலேயே பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது, கருகின வாடையும் வருகிறது. 90-இல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. ஜேசி ரோட்டில் ஒரு கடையில் ஓட்டை போட்ட டிஸ்க், ஸ்டீல் வலை ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்), ரேசிங் பேட் மூன்றையும் செட்டாகப் போடச் சொன்னார்கள். இன்னொரு கடையில் பெரிய கார் ஒன்றின் காலிப்பரை (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்), அதைத் தாங்கும் நக்கிளோடு மாற்றலாம் என்கிறார்கள். எதைச் செய்யலாம்?

அல்சூர்_ஸ்பேனர்:
ப்ரோ, செட்டாவே மாத்துங்க. ஆனா ஓட்டை டிஸ்க் வேணாம், வரி வெட்டின டிஸ்க் எடுங்க. ஓட்டை போட்டா தட்டோட எடை குறையும், சூட்டை வாங்கிக்க இரும்பு கம்மியாயிடும், ஓட்டையோட விளிம்புலதான் வெடிப்பும் ஆரம்பிக்கும். வரி வெட்டினதுல அந்தப் பிரச்சினை கம்மி, பேட் மேல படியுற தூளையும் தண்ணியையும் வழிச்சு விட்டுடும். பேட்ல நல்ல கிரேடு, ஸ்டீல் வலை ஹோஸ், டாட் 5.1 தரத்துல பிரேக் ஆயில். இருபது வருஷ ரப்பர் ஹோஸ்ல பாதி மிதி ஹோஸ் உப்புறதுக்கே போயிடுது. பேட் கிட்ட பாக்கிதான் போய்ச் சேரும்.

பழைய_பெடல்:
தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே கோளாறு இல்லை.

பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று ஆனால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி நிற்கிறது. ஆவியை அமுக்க முடியும், ஆயிலை அமுக்க முடியாது. அதனால்தான் பெடல் கீழே போகிறது. உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. வாடை வருவதால் பேடும் சூட்டின் எல்லைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் ஆடுவது இந்த இரண்டோடும் சம்பந்தமில்லாத மூன்றாவது விஷயம்.

முதலில் ரிசர்வாயர் (பிரேக் ஆயில் டப்பா) மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரம்; ஈரம் சேர்ந்ததற்கு வைத்திருக்கும் எல்லை வெறும் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பல வருடம் மாற்றாத டாட் 3 என்றால் கணவாயின் பாதியில் கொதிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஸ்பேனர் சொன்ன 5.1 தவறில்லை. ஆனால் கடையில் வெறும் "டாட் 5" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிலிக்கான் ஆயில், பழையதோடு கலக்கவே கூடாது. நல்ல டாட் 4 வாங்கி வருடா வருடம் மாற்றினாலே இந்த வண்டிக்குப் போதும். முழுக்கக் கழுவி நிரப்ப ஒரு லிட்டர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்_ஸ்பேனர்:
ஆயில் மாத்தணும்ங்கறதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா ஆயில் ஏன் சூடாச்சு? பேடும் டிஸ்க்கும் கொடுக்குற சூடுதானே காலிப்பர் பிஸ்டன் வழியா ஆயிலுக்குப் போகுது. அங்கயே சரி பண்ணாம ஆயிலை மட்டும் மாத்துனா, அடுத்த சித்திரை வெயில்ல அதே கதைதான்.

பழைய_பெடல்:
சரி, சூட்டையே கணக்குப் போடுவோம். வண்டி, ஆள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1200 கிலோ. 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுதாக நிறுத்தினால் சுமார் 296 கிலோ ஜூல் சூடு. அதே வண்டி செங்குத்தாக 100 மீட்டர் இறங்கினால் 1177 கிலோ ஜூல். அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும், 80-இலிருந்து நாலு தடவை முழுதாக நிறுத்தியதற்குச் சமம்.

முன் டிஸ்க் ஒன்று 4 கிலோ, முன்பக்கம் 70 சதவீத வேலை செய்கிறது என்று வைத்தால், காற்று எதையும் குளிர வைக்காதபோது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 200 டிகிரி ஏறும். காற்று குளிர்விக்கத்தான் செய்யும், ஆனால் லாரிக்குப் பின்னால் 40-இல் ஊர்ந்து இறங்கும்போது அந்தக் காற்றும் குறைவு. வரி வெட்டின டிஸ்க்கோ ஸ்டீல் வலை ஹோஸோ இந்தக் கணக்கில் ஒரு எண்ணையும் மாற்றாது. மாற்றுபவை இரண்டு. ஒன்று, தேயாத, முழு எடையுள்ள டிஸ்க். இன்னொன்று கியர். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது, இறக்கம் தொடங்கும் முன்பே மூன்றாம் கியருக்கு வந்துவிட வேண்டும்; வேகம் அடங்காவிட்டால் இரண்டு. பிரேக்கை மேலே வைத்துக்கொண்டே இழுக்காமல், ஒரு தடவை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

ஸ்ரீராமபுரம்_லேத்:
ஸ்டியரிங் ஆட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, சுற்றிலும் கனம் ஒரே சீராக இருக்காது. விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, எட்டு இடத்தில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியர் வேண்டாம், விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பில் உட்கார்ந்து தப்பான கனம் காட்டும். அதிகக் கனத்துக்கும் குறைந்த கனத்துக்கும் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே ஸ்டியரிங்கில் தெரியும்.

காரணம் இரண்டு. ஹப் முகத்தில் துரு இருக்கும்போதே டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசித் தேயும். சூடாக இறங்கி வந்து பிரேக்கை அழுத்தியபடியே டோலில் நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும்.

டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகும் அதற்கு மேல் நிற்கும் என்றால் கடையலாம். எல்லையை நெருங்கினதைக் கடையாதீர்கள், புதிது போடுங்கள்.

தொப்பூர்_வழி:
அப்படியானால் புது டிஸ்க்தான். காலிப்பர் மாற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழைய_பெடல்:
வேண்டாம் என்பேன், காரணத்தோடு. 240 மி.மீ. விட்டத்திலிருந்து 260-க்குப் போனால் பேட் பிடிக்கும் ஆரம் சுமார் 10 சதவீதம் கூடும். 48 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 54 வந்தால் அழுத்தம் 27 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் முன் பிரேக் ஏறக்குறைய 40 சதவீதம் வலுவாகும். பின் வீலின் ட்ரம் பிரேக் அப்படியே இருக்கும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் மழை பெய்த ரோட்டில் முன் வீல் முன்கூட்டியே பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் வேலை செய்யாது. பெரிய பிஸ்டனுக்கு அதே 27 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ள வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரோடு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) பெடல் இன்னும் ஆழமாகப் போகும். அந்த அளவு டிஸ்க் 13 அங்குல வீலுக்குள் காலிப்பரோடு நுழைவதும் கஷ்டம். இதற்கு மேல் வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் கேள்வி என்று வேறு இருக்கிறது. 15 வருடம் தாண்டி ஆர்டிஓ-வில் புதுப்பித்து ஓடுகிற வண்டி இது.

நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர். 60 கி.மீ. வேகத்தில் டயரின் பிடிமானம் 0.7 என்றால் சுமார் 20 மீட்டர், 0.8 என்றால் 17.7. அழுத்தினால் வீல் பூட்டுகிற அளவுக்கு பிரேக்கில் ஏற்கெனவே பலம் இருக்கிறது என்றால், அந்த இரண்டு மீட்டரைக் காலிப்பரால் வாங்க முடியாது. டயரில் உற்பத்தித் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

அல்சூர்_ஸ்பேனர்:
காலிப்பர் வேணாம்னு நானும் ஒத்துக்கிறேன். வரி டிஸ்க்கையும் விட்டுடறேன். லேத் அண்ணே சொன்ன மாதிரி நல்ல கம்பெனி சாதா டிஸ்க் ரெண்டு போதும். ஆனா டயர் கணக்கு ஒரு தடவை நிக்கிறதுக்கு மட்டும்தான். பத்தாவது தடவை பிடிக்கும்போது பேட் தாங்குமாங்கறதுதான் இவரோட பிரச்சினை. அதனால பேட்ல நான் விடமாட்டேன்.

பேட் ஓரத்துல ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டுல, ரெண்டாவது அதிகச் சூட்டுல பிடிமானம். ஈ-ன்னா 0.25 முதல் 0.35, எஃப்-ன்னா 0.35 முதல் 0.45, ஜி-ன்னா 0.45 முதல் 0.55. எஃப்இ-ன்னு போட்டிருந்தா சூட்டுல இறங்கிடும்னு அர்த்தம். எஃப்எஃப் வாங்குங்க.

பழைய_பெடல்:
இதில் முழுக்க உடன்படுகிறேன். ஜிஜி வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் கூடுதலாகக் கடித்தால் நான் மேலே சொன்ன அதே சமநிலைக் கோளாறு. கடைக்காரர் சொன்ன "ரேசிங்" பேட் சூடேறின பிறகுதான் ஒழுங்காகப் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் அது குளிர்ந்துதான் இருக்கும்.

ஆனால் ஸ்டீல் வலை ஹோஸை இந்த வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். ஸ்பேனர் சொல்கிற பெடல் வித்தியாசம் பெரும்பாலும் பழைய ஹோஸிலிருந்து புது ஹோஸுக்குப் போவதால் வருவது. புது ரப்பர் ஹோஸும் அதைக் கொடுக்கும். பழையதைக் கையில் மடக்கிப் பாருங்கள், மடிப்பில் நெல் வயல் வெடிப்பு மாதிரி கோடு தெரிந்தால் முடிந்தது. உள்ளே உரிந்த ஹோஸ் இன்னும் மோசம்: அழுத்தும்போது ஆயில் போகும், திரும்பி வராது, ஒரு பக்கம் பிடித்தே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரப்பரில் வெடிப்பாவது கண்ணில் படும். ஸ்டீல் வலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

அல்சூர்_ஸ்பேனர்:
அதுக்குத்தான் மேல பிளாஸ்டிக் உறை போட்டது வாங்கணும். உறை இல்லாத வலை, பக்கத்துல உரசுற எதையும் அரம் மாதிரி அறுத்துடும். உள் குழாய் டெஃப்லான், ரப்பர் மாதிரி உப்பாது, இத்துப் போகாது. மழையில இறங்கும்போது வீல் பூட்டுற எல்லையைக் கால்லயே உணர முடியும். ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அது பெரிய விஷயம். நான் மாத்திச் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு, ஐஎஸ் 7079 இல்லேன்னா எஃப்எம்விஎஸ்எஸ் 106-ன்னு பிரேக் ஹோஸுக்கான தர முத்திரை ஹோஸ் மேல இருக்கணும். ஜேசிபிக்கு ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடையில நீளம் சொல்லிப் பண்ணிக்கவே கூடாது. மரை பிட்ச் 1.0-ஆ 1.25-ஆன்னும் பாத்துக்கங்க, மாத்திப் போட்டு இறுக்கினா மரை போயிடும்.

தொப்பூர்_வழி:
ஹோஸ் விஷயத்தில் முத்திரையுள்ள புது ரப்பர் ஹோஸே எல்லா வீலுக்கும் போட்டுவிடுகிறேன். சாதா டிஸ்க், எஃப்எஃப் பேட், டாட் 4. மாட்டும்போது எங்கே தப்பு நடக்கும்?

பழைய_பெடல்:
முக்கியமானது ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் சிக்கின காற்றை வெளியேற்றும்போது. மெக்கானிக் பெடலைத் தரை வரை அமுக்கச் சொல்வார். இருபது வருட மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ஓடாத பகுதியில் துரு இருக்கும்; சீல் அங்கே போனால் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது காலிப்பரில் ஆயில் வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலை வெளியே விடுங்கள், மேலே அனுப்பாதீர்கள். காலிப்பர் பின்னுக்குச் சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போகும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

பின் ட்ரம்மையும் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகத் தூக்கினால் ஈரம் இருக்கக் கூடாது. ட்ரம்முக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் ஜாமாகியிருந்தால் முன்னால் எவ்வளவு செலவு செய்தாலும் பெடல் ஆழமாகத்தான் போகும். ட்ரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

ஸ்ரீராமபுரம்_லேத்:
பழைய டிஸ்க் வராவிட்டால் சுத்தியால் அடிக்க வேண்டாம். டிஸ்க்கில் இரண்டு மரை ஓட்டை இருக்கும், 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி இறுக்கினால் தானே கழன்று வரும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, புது டிஸ்க்கின் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டுங்கள். நட்டுகளை இறுக்கி, பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். 0.1 மி.மீ. தாண்டினால் டிஸ்க்கை ஒரு ஓட்டை தள்ளி மாட்டிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகும். வீல் நட்டை ஏர் கன்னால் முடிக்க விடாதீர்கள், குறுக்கு நட்டாக டார்க் ரெஞ்சால்.

அல்சூர்_ஸ்பேனர்:
பேட் பதிய வைக்கணும். நைஸ் ரோட்டுல விடிகாலை, பின்னால வண்டி இல்லாதப்போ 60-லருந்து 15 வரைக்கும் மிதமா, பத்துத் தடவை, நடுவுல அரை கிலோமீட்டர் ஓட விட்டு. முழுசா நிறுத்தக் கூடாது. முடிச்சதும் பிரேக் தொடாம அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்க.

ஹோஸ் மாட்டின அன்னைக்கே ஜாக்கியில தூக்கி வீல் தொங்கும்போது ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி, ஹோஸ் இழுபடுதா, டயர்ல படுதான்னு பாருங்க. காலிப்பர்ல ஹோஸ் சேர்ற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர். இன்ஜின் ஓடும்போது பெடலை முப்பது வினாடி அழுத்திப் பிடிச்சா இறங்கக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓடினதும் அந்த வாஷர் இடத்தை வெள்ளைத் துணியால துடைங்க. துணி நனைஞ்சா இன்னும் இறுக்காதீங்க, வாஷரை மாத்துங்க.