பழைய ராக் பாட்டுல சப்வூஃபர் ஏன் அசையவே மாட்டேங்குது?

வியாசர்பாடி_டிரம்மர்:
ரிச்சி ஸ்ட்ரீட்ல சப்வூஃபரோட (கனமான கீழ் ஒலிக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர்) ஒரு செட் வாங்கினேன். இப்போ வர்ற மெட்டல் போட்டா ஜன்னல் கம்பி அதிருது. லெட் செப்பெலின், பீட்டில்ஸ் போட்டா சப்வூஃபர் சும்மா இருக்கு. பேஸை, அதாவது அந்தக் கீழ் ஒலியை, ஏத்தி வைக்கணுமா, ரீமாஸ்டர் (பழைய பதிவைச் சீர்பண்ணி மறுபடி விடறது) தேடணுமா?

மயிலை_பேஸ்:
ஏத்தாதீங்க தம்பி, செட்டுல குறையில்ல. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், பசங்களுக்குச் சொல்லியும் தரேன்.

அப்போ எல்லாமே இசைத்தட்டுக்காகப் பண்ணினது. பேஸ் கூடினா தட்டுல பள்ளம் அகலமா வளையும், ஒரு பக்கத்துல அடங்குற நிமிஷம் குறையும், முள்ளும் குதிக்கும். 1966-ல பீட்டில்ஸோட 'பேப்பர்பேக் ரைட்டர்' பதிவுல பேஸ் கனமா வரணும்னு, ஒரு ஸ்பீக்கரையே மைக்கா மாத்தி பேஸ் ஆம்ப் முன்னாடி வெச்சாங்க. அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது.

நாலு கம்பி பேஸ் கிட்டாரோட அடி நோட்டு 41 ஹெர்ட்ஸ். பழைய பதிவுல நாம பிடிச்சுக்கறது அதுக்கு மேல இருக்கிற ஹார்மோனிக்ஸைத்தான் (நோட்டோட சேர்ந்தே வர்ற உயர்ந்த ஒலிகள்). இப்போ அஞ்சு கம்பி, 31 ஹெர்ட்ஸ் வரை போகுது. கிட்டாரோட கீழ் ஒலியை மிக்ஸ்லயே (எல்லா வாத்தியத்தையும் கலக்கும்போதே) வெட்டி பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் இடம் விடறாங்க. சத்தத்தோட ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரெஸ்ஸர் எல்லா நோட்டையும் ஒரே மட்டத்துல நிறுத்திடுது. நெஞ்சுல இடிக்குது, சரி. பேஸ்காரர் என்ன வாசிக்கிறார்னு பாடச் சொன்னா என் பசங்க முழிக்கறாங்க. 1969-ல வந்த லெட் செப்பெலினோட 'ராம்பிள் ஆன்' போட்டா உடனே முணுமுணுக்கறாங்க. பாட்டு வரிக்கு அடியில அவங்க பேஸ்காரர் ஜான் பால் ஜோன்ஸ் தனியா ஒரு மெட்டே பாடறார். ராஜா சார் பாட்டுல பேஸை மட்டும் பிடிச்சுப் பாடுவோமே, அப்படி. எனக்கு அந்த பேஸ்தான் பேஸ்.

அண்ணாநகர்_மெட்டல்:
அண்ணா, மெட்டாலிக்காவோட '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' 1988. அதுலயும் பேஸ் கேக்கவே கேக்காதே?

மயிலை_பேஸ்:
அது தொழில்நுட்பக் குறை இல்லப்பா, மிக்ஸ்ல வேணும்னே குறைச்சது. வருஷத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாதுங்கறது சரிதான்.

வியாசர்பாடி_டிரம்மர்:
ரீமாஸ்டர்?

மயிலை_பேஸ்:
பலதுல சத்தத்தைத்தான் கூட்டியிருக்காங்க. பழசு, ரீமாஸ்டர் ரெண்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டு வந்து கேளுங்க, அப்புறம் காசு போடுங்க. சப்வூஃபர் சுவர் மூலையில இருந்தா முதல்ல வெளிய இழுங்க. மூலையில அடி சத்தம் ஊதிப் பெருகும், மெட்டல்ல ஜன்னல் அதிர்றதுல பாதி அதுவாக்கூட இருக்கும்.