நாய்களுக்காக முற்றத்தில் செயற்கைப் புல்: வன்னியில் எங்கள் அனுபவங்கள்

வட்டக்கச்சியிலிருந்து:

எங்கள் வளவில் அல்சேசன் கலப்பு ஒன்றும் ஊர் நாய் ஒன்றும் இருக்கின்றன. இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களை அண்டிய களிமண் நிலம் என்பதால், ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் முற்றம் உழுது விட்ட வயலாகத்தான் கிடக்கும். அந்தச் சேற்றோடு இரண்டும் விறாந்தையில் ஏறிப் படுப்பதைப் பொறுக்க முடியாமல், வெளிநாட்டிலுள்ள தம்பியின் சொற்படி கிணற்றடிப் பக்கமாகச் செயற்கைப் புல் போட்டோம். சேற்றுத் தொல்லை தீர்ந்துவிட்டது. ஆயினும், போட நினைப்பவர்கள் புல்லின் நிறத்தையும் மென்மையையும் பார்ப்பதற்கு முன் அதன் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கடையில் எங்களுக்கு முதலில் காட்டியது, விழா மேடைகளுக்கும் கடை வாசல்களுக்கும் விரிக்கிற வகை. முதுகுப்புறத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றியபோது அது மேலேயே தேங்கி நின்றது. அதில் நாய் சிறுநீர் கழித்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. துளையிட்ட வகையைத் தேடிக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். இழையின் உயரம் 30 மில்லிமீற்றர் அளவில் போதும். அதற்கு மேல் போனால் மலத்தை அள்ளியெடுப்பது பெரும்பாடு.

அடித்தளம் போட வந்த மேசன் கிறவல் (வீதிக்குப் போடும் செம்மண் சரளை) கொட்டி இறுக்கலாம் என்றார். வீதிக்கு அது சரி. ஆனால் கிறவலில் களி கலந்திருப்பதால், இறுகிய பின் நீர் கீழே இறங்காது. நாங்கள் மேல்மண்ணை வெட்டி அகற்றி, நான்கு அங்குலத்துக்கு முக்கால் அங்குலச் சல்லி பரப்பி இடித்து, அதன் மேல் கல்தூளை மெல்லியதாகத் தூவினோம். பத்து அடி நீளத்துக்கு இரண்டு அங்குலம் சரியும்படி மட்டம் பிடித்து, தாழ்ந்த ஓரத்தில் குழாய் பதித்து வாழைப் பாத்திக்கு நீரை விட்டோம். அந்த வாழைகள் இப்போது நன்றாகவே நிற்கின்றன.

வவுனியாவிலிருந்து:

மேலே எழுதிய அண்ணர் மாரியைப் பற்றிச் சொன்னார். நான் கோடையைப் பற்றிச் சொல்கிறேன். இயற்கைப் புல் தன் இலைகளால் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்ரிக் இழைக்கு அந்த வழி இல்லாததால், நேர் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடியது. செயற்கைப் புல் உலகறிய வந்ததே 1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரையிட்ட விளையாட்டரங்கு ஒன்றில்தான். கூரைக் கண்ணாடிகளுக்கு நிறம் பூசியதால் வெளிச்சம் குறைந்து உண்மைப் புல் செத்துப்போக, அதற்கு மாற்றாக இதை விரித்தார்கள். வெயில் போதாத இடத்துக்காகப் போட்டதை நாம் சித்திரை வெயிலில் விரிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நண்பகலில் எங்கள் நாய் அதன் நடுவில் நின்று முன்காலை ஒன்று மாற்றி ஒன்று தூக்கியது. பிறகு அங்கிருந்து இறங்கி வேம்பின் கீழே மண்ணைக் கிளறிப் பள்ளமாக்கி, வயிற்றை அதில் பதித்துப் படுத்துக்கொண்டது. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில்தான் உள்ளன. உடற்சூட்டை முக்கியமாக இளைத்துத்தான் தணிக்கும். ஆகவே குளிர்ந்த மண் அதற்கு மிகவும் வேண்டியது. தண்ணீர் தெளித்தால் விரிப்பு சிறிது நேரம் ஆறியிருந்துவிட்டு மீண்டும் சுடும். இப்போது நிழல்வலை கட்டியிருக்கிறோம். வேம்படி மண்ணை நாய்க்கென்றே விட்டுவிட்டோம். புறங்கையை ஏழு வினாடி விரிப்பில் வைத்திருக்க முடியாவிட்டால் நாயை அதில் விடாதீர்கள். இழைகளுக்கிடையே ரப்பர் துகள் நிரப்பச் சொல்பவர்களும் உண்டு. அது சூட்டை இன்னும் கூட்டும். நாய் விழுங்கவும் கூடும்.

இன்னொன்று, உண்ணி. இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, வெடிப்புகளிலும் ஓரங்களிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். புல் போட்டால் உண்ணி இராது என்று விற்றவர் சொன்னார். சீமெந்துத் தரையோடு சேர்கிற விளிம்பை உயர்த்திப் பார்த்தபோது, அங்கேதான் அவை அடைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சலில் ஒரு நாயை இழந்த வீடு எங்களுடையது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பசை பூசி ஒட்டாமல், தூக்கிக் கழுவக்கூடிய துண்டுகளாகப் போடுங்கள். மிருக வைத்தியர் தந்த உண்ணி மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கள் பக்கத்தில் நிலத்தைத் தோண்டுவதென்றால் முதலில் வேறொரு யோசனை வரும். அடுத்த வளவில் வேலிக்குக் குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு ஒன்று தட்டுப்பட, அதைத் தொடாமல் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவித்தார்கள். கண்ணிவெடி அகற்றிய காணிதானா என்று கேட்டறிந்த பிறகே அலவாங்கை எடுங்கள். எங்கள் மண் மணற்பாங்கானது, மழை நின்றவுடன் நீர் இறங்கிவிடும். சேறு இல்லாத இடத்தில் இதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்று கணக்குப் பார்த்து, நாய்க்கூட்டின் வாசலுக்கு மட்டும் ஒரு துண்டு போட்டோம்.

வட்டக்கச்சியிலிருந்து மீண்டும்:

ஆவணியில் விரிப்பிலிருந்து சிறுநீர் மணம் எப்படி என்று தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். மணக்கும். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அமோனியா பிறக்கிறது. மாரியில் மழை கழுவிவிடும், சோளகம் வீசும் மாதங்களில் நாம்தான் கழுவ வேண்டும். கிணறு வற்றுகிற காலத்தில் இது சிறிய செலவல்ல. அதனால் முழுவதையும் நனைக்காமல், நாய்கள் வழக்கமாகப் போகிற மூலையில் மட்டும் மாலையில் வாளித் தண்ணீர் ஊற்றுகிறோம். இடைக்கிடை வினாகிரியை நீரில் கலந்து தெளித்தால் அமோனியா தணிகிறது. இழைகளுக்கிடையே சாதாரண மணலுக்குப் பதிலாக சியோலைற் என்ற நுண்துளைக் கனிமத்தின் துகள் போட்டால் அது அமோனியாவைப் பிடித்து வைக்கும், ஆனால் விலை கூட. எங்கள் குழாய்க்கிணற்று நீர் கடினநீர் என்பதால், கழுவிக் காய்ந்த பின் இழை நுனிகளில் வெண்மையாகப் படிகிறது. தும்புத்தடியால் எதிர்த்திசையில் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும்.